இரண்டாவது சீட்டு

ஆற்றில் வெள்ளம் வடியத் தொடங்கியது வியாழக்கிழமையா வெள்ளிக்கிழமையா என்பதில் இதைச் சொல்கிற எனக்கே உறுதியில்லை. நான் அந்தத் தண்ணீர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பாதி, மணல் அறைக்காரர் சொல்லிக் கேட்டது. பாதி, இந்தக் கதைக்கு உரிய ஆய்வுக்கூடத்துக்காரரே ஒரு சாயங்காலம் ஜாடிகளைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னது. இடைவெளிகளை நானாக நிரப்பியிருக்கலாம். பம்பு அறைக் கதவு அப்போது பச்சையா சாம்பலா என்று யாராவது கேட்டால் விழிப்பேன். ஆனால் ஒன்றில் சந்தேகமில்லை. மாடிப்படியின் அடியிலிருந்து அந்தக் கதவுக்கு எட்டடி தூரம். நானே நடந்து பார்த்திருக்கிறேன். அவர் அந்த எட்டடியை நடக்கவில்லை. திரும்பி மாடி ஏறிப் போய் ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் அப்போதே இருபத்து மூன்று வருஷமாக இருந்தவர் அவர். தண்ணீரின் கலங்கலை அளப்பது வேலை. அதனால் நிலையத்தில் எல்லோருக்கும் அவர் ‘கலங்கல்’தான். முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் கலங்கல். அவருக்கும் அது தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அளந்து பேசுவார், அதிலும் பாதியை விழுங்கிவிடுவார்.

ஆற்றுத் தண்ணீரைக் கலங்கலாக்குவது கண்ணுக்குத் தெரிகிற மண் அல்ல. அது தானாகவே அடியில் படிந்துவிடும். படியாமல் அலைவது பொடியிலும் பொடியான களித்துகள். கண்ணாடி ஜாடியில் பிடித்து ஒரு வாரம் அசையாமல் வைத்தாலும் அப்படியே நிற்கும். எல்லாத் துகளின் மேலும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் நெருங்க நெருங்க ஒன்றையொன்று தள்ளிவிடும். அந்தத் தள்ளலை வெல்வதற்காக, எதிர் மின்னேற்றம் கொண்ட நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைத் தண்ணீரில் கரைத்து விடுகிறார்கள். பீப்பாயின் மேல் பாலிமர் என்று அச்சடித்திருக்கும். வேலைக்காரர்களின் வாயில் அது பிசின். சங்கிலியின் ஒரு நுனி ஒரு துகளைப் பற்றும், மறுநுனி பக்கத்துத் துகளைப் பற்றும். இப்படிக் கைகோத்துக் கைகோத்து, பஞ்சுபோல் திரண்டு, கனத்து, தொட்டியின் அடியில் இறங்கிவிடும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும்.

பிசின் போதாவிட்டால் தண்ணீர் தெளியாது. இது யாருக்கும் புரியும். பிசின் மிஞ்சினாலும் தெளியாது என்பதுதான் புதிதாக வருகிறவர்களின் மண்டையில் ஏறாது. மிஞ்சிய சங்கிலிகள் ஒவ்வொரு துகளையும் உச்சி முதல் உள்ளங்கால்வரை போர்த்திவிடும். இன்னொன்றைப் பற்ற இடமே இருக்காது. இப்போது எல்லாத் துகளும் பிசினின் மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். மறுபடியும் ஒரே வகை, மறுபடியும் தள்ளல். கலங்கல் தினமும் காலையில் ஆறு ஜாடிகளில் ஆற்றுத் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பிசின் விட்டு, கலக்கும் இயந்திரத்தில் சுழலவிட்டுப் பார்ப்பார். முதல் ஜாடியில் பிசினே கிடையாது. ஆறாவதில் தலைக்கு மேல். நின்ற பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்தால், பெற்றவளாலும் அடையாளம் சொல்ல முடியாது. நடுவில் எங்கேயோ ஒரு ஜாடிதான் தெளிந்திருக்கும். அந்த ஜாடியின் அளவே அன்றைக்கு நிலையத்தின் அளவு.

அந்த அளவைப் பம்பில் வைக்க வேண்டியவர் அவருடைய தங்கையின் கணவர். பிசின் பம்பு ஆய்வுக்கூடத்துக்கு நேர்க் கீழே. முன்பெல்லாம் சீட்டு கீட்டு எதுவும் கிடையாது. தரையில் குழாய் இறங்குகிற ஓட்டை வழியாகக் கலங்கல் குனிந்து சத்தம் போடுவார்.

“மாப்பிள்ளை, மூணு!”

“மூணு வச்சாச்சு மச்சான். கண்ணாடியைத் தொடைச்சுட்டுத்தானே பாத்தீங்க?”

“உங்களைப் பாத்துப் பாத்துத்தான் அது மங்கிப்போச்சு.”

மத்தியானம் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இரண்டு டப்பாவையும் தங்கைதான் கட்டிக் கொடுப்பாள். “நம்ம ரெண்டு பேரையும் தனியா ஒரு ஜாடில போட்டா ஜென்மத்துக்கும் ஒட்ட மாட்டோம் மச்சான். நடுவுல உங்க தங்கச்சி இருக்கப்போயி ஏதோ ஓடுது” என்பார் மாப்பிள்ளை, வாய் நிறைய வைத்துக்கொண்டு. கலங்கல் சிரிக்க மாட்டார். ஆனால் தன் டப்பாவில் நல்லதாக இருப்பதை எடுத்து அவர் பக்கம் தள்ளுவார்.

இது கெட்டது ஒரு ரிஜிஸ்டரால். பம்பு அறையில் மணிக்கொரு தரம் அளவு பார்த்து எழுத வேண்டும். ஒருநாள் காலை பத்து மணிக்குக் கலங்கல் கீழே போனபோது, மாப்பிள்ளை நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மேஜையில் திறந்து கிடந்த ரிஜிஸ்டரில் பிற்பகல் ஒரு மணிவரைக்கும் எழுதியாகிவிட்டிருந்தது. எல்லாம் ஒரே எண், ஒரே மை, கடைசி இரண்டு வரிகளில் மட்டும் தூக்கக் கலக்கத்தில் எழுத்து சரிந்திருந்தது. கலங்கல் அவரை எழுப்பவில்லை. ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு பெரிய இன்ஜினியரின் அறைக்குப் போனார்.

பெரிய இன்ஜினியர் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். இன்னொரு தவறு நடந்தால் கடிதம் வராது, வேலையே போகும் என்று அதில் இருந்தது. மாப்பிள்ளை அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

“என்னை எழுப்பி ரெண்டு அறை விட்டிருக்கலாமே மச்சான்.”

“ரிஜிஸ்டர்ல பொய் எழுதலாமா?”

“பொய்தான். இல்லேங்கலை. அதை நீங்க கேக்க வேண்டியது என்னை.”

“குடிக்கிற தண்ணி விஷயம்.”

“குடிக்கிற தண்ணிதான். எங்க வீட்டுத் தண்ணியையும்தான் இத்தனை வருஷம் குடிச்சீங்க.”

அதுதான் கடைசிப் பேச்சு. அன்றைக்கே மாப்பிள்ளை தரை ஓட்டையில் சாக்கைச் சுருட்டி அடைத்துவிட்டார். படியடியில் ஒரு தகரப் பெட்டி தொங்கியது. கலங்கல் அளவைச் சீட்டில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட்டு, பெட்டியில் போடுவார். மாப்பிள்ளை எடுத்துக்கொள்வார். ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு சீட்டு இருந்தால் கலங்கல் அவற்றைக் குண்டூசியால் சேர்த்துக் குத்துவார். அது அவருடைய பழக்கம். கடை ரசீதைக்கூட அப்படித்தான் வைப்பார்.

சமாதானம் செய்ய எல்லோரும் வந்தார்கள். சித்தி வந்தாள், பெரிய மாமா வந்தார், தொழிற்சங்கச் செயலாளர் இரண்டு தரம் வந்தார். பெரிய இன்ஜினியரே தன் அறையில் இருவரையும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு கூட்டமும் முடியும்போது, அதற்கு முன்னால் இல்லாத புதுக் குற்றச்சாட்டு ஒன்று இரு பக்கமும் முளைத்திருந்தது. மணல் அறைக்காரர், மணல் வடிகட்டிகளைக் கழுவுகிற அந்தக் குண்டு மனிதர், டீக்கடையில் சொன்னார்: “சும்மா விட்டிருந்தா தானா ஒட்டியிருக்கும். ஆளாளுக்கு ஒரு வாளி பிசினை ஊத்திட்டீங்க. இனிமே ஒரு பய ஒட்ட மாட்டான்.”

தங்கை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் செய்ததெல்லாம் ஒன்றுதான். தினமும் இரண்டு டப்பா கட்டினாள். இரண்டையும் கணவன் கையில் கொடுத்தாள். பேசாத அந்தப் பதினான்கு மாதமும் மாப்பிள்ளை மச்சானின் டப்பாவைச் சுமந்துகொண்டு வந்து, தகரப் பெட்டிக்குக் கீழே உள்ள பலகையில் வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் கழுவின டப்பா அதே பலகையில் இருக்கும். அவர் எடுத்துப் போவார். ஒருநாள்கூடத் தவறவில்லை.

அந்த வாரம் மேற்கே எங்கேயோ கொட்டித் தீர்த்த மழையில் ஆறு செங்கல் நிறத்துக்கு மாறியது. அளவு மூன்று. திங்கள் மூன்று, செவ்வாய் மூன்று, அடுத்த நாளும் மூன்று. சீட்டில் ஒரே எண் வந்தால் கை பெட்டிக்குள் போக மறக்கும். அது மாப்பிள்ளைக்கு மட்டும் உள்ள குறையில்லை.

பிறகு ஆறு திடீரென்று இறங்கியது. களி போன வேகத்தில் போய்விட்டது. காலையில் ஆற்றுத் தண்ணீர் ஜாடியின் பின்னால் வைத்த விரல் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது. துகள் குறைந்தால் பிசினும் குறைய வேண்டும். கலங்கல் ஆறு ஜாடி பார்த்தார். மூன்று அளவு விட்ட ஜாடி பால்போல் நின்றது. ஒன்று விட்ட ஜாடி கண்ணீர்போல் தெளிந்திருந்தது. ‘அளவு ஒன்று. உடனே’ என்று எழுதி, எட்டு ஐம்பது என்று நேரம் போட்டு, பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

மாப்பிள்ளை பெட்டியைப் பார்க்கவில்லை. பத்து மணிக்குத் தொட்டியைப் பார்த்தார். பஞ்சு இறங்கவில்லை, தண்ணீர் மேலே வரைக்கும் மங்கலாக நின்றது. வெள்ள நாட்களில் அவருடைய கை கற்றிருந்த பாடம் ஒன்றுதான்: கலங்கினால் கூட்டு. பம்பின் அளவுக் குமிழை நான்குக்குத் திருப்பினார். மங்கல் கூடியது. ஐந்துக்குத் திருப்பினார்.

பதினொரு மணிக்குத் தொட்டியிலிருந்து வந்த மாதிரித் தண்ணீரைப் பார்த்ததும் கலங்கல் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். போதாமையா மிகையா என்று கண் சொல்லாது. ஆனால் அதைச் சொல்ல வைக்க ஒரு வழி உண்டு. அந்தத் தண்ணீரில் பாதி ஜாடி எடுத்து, மீதியில் சுத்திகரிக்காத ஆற்றுத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினார். பிசின் போதாமல் இருந்தால் மங்கல் கூடும். மிகையாக இருந்தால், புதிதாக வந்த அழுக்குத் துகள்கள் மிச்சப் பிசினுக்கு வேலை கொடுக்கும். இயந்திரத்தை நிறுத்தி இரண்டு நிமிஷம் ஆகவில்லை, ஜாடிக்குள் பஞ்சு பஞ்சாகத் திரண்டு இறங்கியது. அழுக்கை ஊற்றியதும் தண்ணீர் தெளிந்துவிட்டது. இனிச் சந்தேகமே இல்லை. கீழே அந்த மனுஷன் கூட்டிக்கொண்டே போகிறார். மிஞ்சின பிசின் தொட்டியைத் தாண்டி மணல் வடிகட்டிக்குப் போனால், மணலைக் களியோடு சேர்த்துக் கட்டிகட்டியாகப் பிடித்துவிடும். அப்புறம் ஊருக்குத் தண்ணீர் இல்லை. மாப்பிள்ளைக்கு வேலை இல்லை.

இரண்டாவது சீட்டை எழுதினார். ‘பிசின் மிகை. உடனே நிறுத்தவும். 11.15.’ கையெழுத்து. கீழே இறங்கி வந்தார்.

பெட்டியில் காலைச் சீட்டு அப்படியே கிடந்தது.

பம்பு அறைக் கதவின் மேல் பாதி கண்ணாடி. உள்ளே மாப்பிள்ளையின் முதுகு தெரிந்தது. சட்டை தோள்பட்டையில் நனைந்து ஒட்டியிருந்தது. வலது கை குமிழின் மேல் இருந்தது. தலையைச் சாய்த்து, நோயாளியின் மூச்சைக் கேட்கிறவர்போல, பம்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முதுகுக்கு உரியவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது கலங்கலுக்குப் புரிந்தது. மாடிக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டால் புரிந்துவிடும் என்பதும், கேட்க மாட்டார் என்பதும் புரிந்தது.

எட்டடி. கதவைத் தட்டவேண்டாம், கண்ணாடியில் மோதிரத்தால் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

‘ஒரு தடவை மச்சான்னு கூப்பிடட்டும்’ என்று நினைத்தாராம். இதை அவரே சொன்னார். ‘மாடிப்படி ஏறி வந்து, மச்சான், தெளிய மாட்டேங்குது, என்ன பண்றதுன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் வச்சிருக்க மாட்டேன்.’

பெட்டியிலிருந்து காலைச் சீட்டை எடுத்தார். அதன் மேல் இரண்டாவது சீட்டை வைத்து, சட்டைக் காலரின் உட்பக்கம் எப்போதும் குத்தியிருக்கும் குண்டூசியை உருவி, இரண்டையும் சேர்த்துக் குத்தினார். ஓரங்கள் ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தார். பெட்டியில் போட்டார். கீழே பலகையில் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

ஐம்பது நிமிஷத்தில் முதல் இருபது நிமிஷம் நாற்காலியில் படிக்கட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். சூடு இன்னும் மிச்சமிருந்தது. மூடிக்குள் ஓர் ஓரத்தில் தங்கை எப்போதும் வைக்கும் இனிப்புத் துண்டு இருந்தது. அதையும் தின்றார். கைகழுவி, டப்பாவைத் துலக்கி, துணியால் துடைத்து, கவிழ்த்து வைத்தார். படியில் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

பன்னிரண்டைத் தாண்டியதும் காலடி கேட்டது. எழுந்து நின்றார். வந்தவர் மணல் அறைக்காரர்.

“சார், மணல் மூச்சு விட மாட்டேங்குது. மூணு தடவை திருப்பிக் கழுவிட்டேன். எண்ணெய்ச் சட்டியாட்டம் வழவழன்னு இருக்கு. ரெண்டாவது வடிகட்டியும் அடைக்குது. கீழ பெட்டியில ஏதோ சீட்டு கெடக்கே, பாத்தாரா அவரு?”

மணல் அறைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், கவிழ்த்து வைத்த டப்பாவைப் பார்த்தார், திரும்பிப் படியில் தடதடவென்று இறங்கினார். கீழே பம்பு நிற்கும் சத்தம் கேட்டது. அப்போது குமிழ் ஆறில் இருந்தது.

நான்கு வடிகட்டிகளும் அடைத்துக்கொண்டன. மூன்று நாள் ஊருக்குக் குழாயில் காற்றுதான் வந்தது. ஆட்களை இறக்கி மணலை மண்வெட்டியால் வெட்டி எடுத்தார்கள். வெட்டி எடுத்த மணல் உதிரவில்லை, பிசைந்த களிமாதிரி உருண்டை உருண்டையாகக் குவிந்தது. மாப்பிள்ளையும் இடுப்பளவு குழிக்குள் நின்று வெட்டினார். யாரும் அவரை வெட்டச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

விசாரணைக்கு முதல்நாள் பிற்பகல் தங்கை அண்ணன் குடியிருப்புக்கு வந்தாள். பதினான்கு மாதத்தில் முதல் முறை. உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“அவர் பண்ணினது தப்புதான் அண்ணா. பெட்டியைப் பாக்கலை. அதுக்கு வக்காலத்து வாங்க நான் வரலை. எனக்கு ஒண்ணு தெரியணும். நீ ரெண்டாவது சீட்டைப் போடறப்ப மொதல் சீட்டு அங்க கெடந்துச்சா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். சிறுவயதிலிருந்தே அண்ணனுடைய மௌனத்தின் நீளம் அவளுக்குத் தெரியும். எவ்வளவு நேரமானாலும் நிற்பாள்.

“கெடந்துச்சு.”

“அவர் பாக்கலைன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“ம்.”

“அவர் எங்க இருந்தார்?”

“உள்ள. குமிழுக்கிட்ட.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அழவில்லை. “சரி. உன்னைக் குத்திக் காட்ட வரலை. நாளைக்கு இதையே அங்க சொல்லு. நான் பாத்தேன், எனக்கும் தெரியும், நானும் பேசாம வந்துட்டேன்னு சொல்லு. உன் வேலை போகாது. உனக்கும் ஒரு கடுதாசி குடுப்பாங்க, அவ்வளவுதான். தப்பு ரெண்டு பேருதுன்னு ஆனா அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாதுன்னு சங்கத்துக்காரர் சொல்றார். சொல்வியா?”

“சொல்றேன்.”

“என் தலைமேல அடிச்சுச் சொல்ல வேண்டாம். வாயால சொன்னா போதும்.”

“சொல்றேன்னு சொல்லிட்டேன்ல.”

வாசல்வரை போய்த் திரும்பினாள். “அன்னிக்கு டப்பால இருந்ததைச் சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“அவர் சாப்பிடலை” என்றாள். போய்விட்டாள்.

விசாரணை பெரிய இன்ஜினியரின் அறையில் நடந்தது. மேஜையில் அந்த இரண்டு சீட்டுகள், குண்டூசியோடு. எதிரே மாப்பிள்ளை, பக்கத்தில் சங்கச் செயலாளர், சுவரோரம் மணல் அறைக்காரர். பெரிய இன்ஜினியர் களைத்திருந்தார். மூன்று நாளாக ஊரே அவரைத் தொலைபேசியில் திட்டித் தீர்த்திருந்தது. அவருக்கு ஒரு பெயர் வேண்டும், இரண்டு வேண்டாம். இரண்டு பெயர் என்றால் நிலையமே சரியில்லை என்று ஆகும்.

மாப்பிள்ளை சுருக்கமாகச் சொன்னார். சீட்டைப் பார்க்கவில்லை. கலங்கினதும் கூட்டினேன். தப்புதான்.

பெரிய இன்ஜினியர் கலங்கல் பக்கம் திரும்பினார். “எட்டு ஐம்பதுக்கு ஒண்ணு, பதினொண்ணேகாலுக்கு ஒண்ணு. உங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. இருந்தாலும் கேக்க வேண்டியிருக்கு. ரெண்டாவது சீட்டு போடும்போது மொதல் சீட்டு உள்ள இருந்ததைக் கவனிச்சீங்களா?”

வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்த வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. ‘கவனிச்சேன். உள்ள அவர் நிக்கறதையும் பாத்தேன். சொல்லாம வந்துட்டேன்.’ மூன்று சின்ன வாக்கியம். அதன் பிறகு மணல் அறைக்காரர் டீக்கடையில் என்ன சொல்வார் என்று ஒரு கணம் நினைத்தார். இருபத்து மூன்று வருஷம் ஒரு எண்ணும் பொய்யாக எழுதாதவன், குடிக்கிற தண்ணீர் என்று மாப்பிள்ளையின் மேல் புகார் கொண்டுபோனவன், ஊரே தண்ணீரில்லாமல் போகட்டும் என்று உட்கார்ந்து சாப்பிட்டான். இனி இந்த அறையில் இருக்கிறவர்கள் அவரை அப்படித்தான் பார்ப்பார்கள்.

“கவனிக்கலை சார்” என்றார்.

எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிருந்தது. மேஜையின் நடுவில், இரண்டு சீட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தக் குண்டூசி பளபளத்தது. அடியில் இருக்கிற சீட்டைக் கையில் எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றைக் குத்த முடியாது. ஓரங்கள் கூட நூல் பிடித்தமாதிரி ஒட்டியிருந்தன. அப்படிக் குத்துகிறவர் அந்த நிலையத்தில் ஒருவர்தான்.

சங்கச் செயலாளர் வாயைத் திறந்தார். “சார், அந்த ஊசி...”

பெரிய இன்ஜினியர் சீட்டுகளைத் தன் பக்கம் இழுத்தார். குண்டூசியை மெதுவாக உருவினார். மேஜை ஓரத்தில் இருந்த குண்டூசி டப்பாவில் அதைப் போட்டார். அது மற்ற ஊசிகளோடு விழுந்து கலந்துவிட்டது. “எந்த ஊசி?” என்றார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். “உங்க மச்சான் சொன்னதுல உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?”

மாப்பிள்ளை நிமிர்ந்தார். இரண்டு உள்ளங்கையிலும் மண்வெட்டிக் காய்ப்பு. கலங்கலை நேராகப் பார்த்தார். கோபமில்லாத அந்தப் பார்வையைத்தான் தன்னால் மறக்க முடியவில்லை என்று கலங்கல் சொன்னார்.

“மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் மாப்பிள்ளை.

பதினான்கு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் மச்சான். கடைசியும் அதுதான்.

வெளியே படியில் சங்கச் செயலாளர் கத்தினார். “ஏய்யா, பொய்னு சொல்ல வேண்டியதுதானே? உன் கண்ணு முன்னாலதானே ஊசி இருந்துச்சு!” மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “சொல்லி? அவ அண்ணன் பொய்யன்னு நான் நிரூபிச்சு, அந்த வேலையில சம்பாதிச்சு, அந்தச் சோத்தை அவ ஆக்கணுமா? வேண்டாம் விடுங்க.”

மாப்பிள்ளைக்கு வேலை போனது. பதினைந்து நாளில் அவர்கள் குடியிருப்பைக் காலி செய்தார்கள். வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது தங்கை ஆய்வுக்கூடத்துக்கு மாடி ஏறி வந்தாள். கலங்கல் ஜாடிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கவிழ்த்து வைத்த டப்பா அதே இடத்தில் இருந்தது. திருப்பி எடுத்துப்போக ஆள் வரவில்லை.

“டப்பாவைக் குடு. செட்டுல ஒண்ணு குறையுது.”

எடுத்துக் கொடுத்தார். அவள் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

“நான் சொல்லணும்னுதான் போனேன்” என்றார் அவர்.

“தெரியும். ரெண்டு வருஷம் கழிச்சும் இதையேதான் சொல்லுவ.” டப்பாவை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். “எதிரியா இருந்தா அவன் இன்ன எடத்துல அடிப்பான்னு ஒதுங்கி நிக்கலாம். நீ அடிக்கவும் மாட்ட, புடிக்கவும் மாட்ட. நின்னு பாத்துட்டு இருப்ப.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காத்திருந்தாள், கடைசி முறையாக. ஆறு ஜாடிகளிலும் துடுப்புகள் சுழன்றுகொண்டிருந்தன. வண்டிக்காரர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். அவள் இறங்கிப் போனாள். இயந்திரம் நின்ற பிறகு அவர் ஜாடிகளைப் பார்த்தார். முதலாவதும் ஆறாவதும் ஒன்றுபோல் மங்கலாக இருந்தன. எண் ஒட்டியிருந்ததால் எது எது என்று தெரிந்தது.

மாப்பிள்ளை வேறொரு ஊரில் சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டியில் வேலைக்குச் சேர்ந்தார். நாலாம் வருஷம் நுரையீரல் கெட்டு அந்த வேலையையும் விட்டார். இப்போது வீட்டில் இருக்கிறார். தங்கை தையல் கடை நடத்துகிறாள். அண்ணன் உயிரோடு இருந்தவரை, அண்ணன் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால் இருக்கிறார் என்பாள், அதற்கு மேல் சொன்னதில்லை. அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்த குழந்தை வளர்ந்து, மாமா முகம் தெரியாமலே படித்து முடித்தது. பெரிய இன்ஜினியர் பதவி உயர்ந்து போனார். மணல் அறைக்காரர் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். தகரப் பெட்டி துருப்பிடித்து, அதைக் கழற்றிவிட்டார்கள். கலங்கல் ஓய்வு பெற்ற நாளில் பிரிவு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதே குடியிருப்புப் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். ஆறு வருஷம் கழித்து அங்கேயே இறந்தார். தங்கைக்குச் செய்தி சொல்லி அனுப்பினோம். வரவில்லை.